காக்கா ஆழி

போன ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் முகத்துவாரம் பக்கம் போயிருந்தேன். மாமா தண்ணீரில் இறங்கும் முன் பழைய ரப்பர் செருப்பைக் கயிறு போட்டுக் காலோடு கட்டிக்கொண்டார். முன்பெல்லாம் வெறுங்கால்தான், சேற்றைத் துழாவி, இறால் நெளிவது தெரிந்ததும் குனிந்து கையால் பிடித்துப் பறியில் போடுகிற ஆள் அவர். இப்போது கால் வைத்தால் சேறே தட்டுப்படுவதில்லை, கரகரவென்று ஓடு, அதுவும் பிளேடு மாதிரி கிழிக்கிற ஓடு.

அது ஒரு வகைச் சிப்பி, இங்கே அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் வைத்த பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா, சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்கக் கடற்கரை. சரக்கு இல்லாமல் வரும் கப்பல் ஆடாமல் இருக்க வயிற்றில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு வந்து நம் துறைமுகத்தில் கொட்டுமே, அதோடு இதன் குஞ்சுகள் வந்திருக்கும் என்கிறார்கள். அந்த நீரைச் சுத்தப்படுத்தித்தான் விட வேண்டும் என்ற உலக ஒப்பந்தம் 2004-ல் எழுதப்பட்டு 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது. பதின்மூன்று வருஷம்!

ஒன்றோடொன்று நூலால் ஒட்டிக்கொண்டு இது ஆற்றடியில் பாய் விரித்துவிடுகிறது. இறால் பகலில் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும், அதற்கு இடமில்லை. மஞ்ச மட்டிக்கும் அதே கதி.

எனக்குப் பயம் பழவேற்காடு ஏரியை நினைத்துத்தான். அங்கே பறவைகள் சரணாலயம் இருக்கிறது, எல்லை இருக்கிறது, பலகை இருக்கிறது, ஆனால் எண்ணூர்க் கழியையும் ஏரியையும் பக்கிங்ஹாம் கால்வாய் இணைக்கிறது, தண்ணீரில் மிதக்கிற குஞ்சுக்குப் பலகை படிக்கத் தெரியாதே. காக்கா கூட்டம் வந்து நின்றால் துரத்தலாம், இதை எதைக் கொண்டு துரத்துவது?

மழையும் முன்பு போல இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஒரேயடியாகக் கொட்டித் தீர்த்தது. வெள்ளத்தில் உப்பு இறங்கும், வெயில் காலத்தில் ஏறும். நம் மட்டிக்கு அந்த ஏற்ற இறக்கம் அளவு மீறினால் தாங்காது. காக்கா ஆழி கிட்டத்தட்ட நல்ல தண்ணீரிலிருந்து கடலைவிட உப்பான தண்ணீர் வரை சமாளிக்கும். வானிலை எவ்வளவு கிறுக்குத்தனம் பண்ணுகிறதோ அவ்வளவு அதற்குத் தோதுதான்.

பொக்லைன் விட்டு அள்ளலாம் என்கிறார்கள். அள்ளட்டும், ஆனால் கழிக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும், கரையோரமே குவித்துவிட்டுப் போனால் அடுத்த வெள்ளத்தில் திரும்ப உள்ளே. அப்புறம் கப்பல் நீரை யாராவது நிஜமாகவே சோதிக்க வேண்டும், காகிதத்தில் டிக் அடித்தால் போதாது.

மாமா கரையேறியபோது பறியில் கால் கிலோகூட இல்லை. செருப்பு வேறு வார் அறுந்துவிட்டது, புதுசு வாங்கித் தர வேண்டும்.