பீரோ சாவியும் துப்பாக்கிப் பெட்டியும்

துப்பாக்கி வைக்கும் இரும்புப் பெட்டி காலியாக 150 கிலோவுக்குக் குறைவாக இருந்தால், அதை யாரும் எளிதில் தூக்கிப்போக முடியாதபடி வீட்டோடு சேர்த்து இறுக்கிவிட வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சட்டம் அப்படிச் சொல்கிறது. என் வீட்டுக்காரர் இதை வாசித்துக் காட்டியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் வீடுகளில் பீரோவின் காலுக்கடியில் மரக்கட்டை வைத்து உயர்த்துவோம், கரையான் வராமலிருக்க. தரையைத் துளைத்து யார் போல்ட் போட்டார்கள்?

இந்த மாநிலத்தின் டப்போ நகருக்கு வெளியே கொஞ்சம் நிலமும் ஒரு பழைய வீடும் வாங்கிச் செம்மறி வளர்க்கிறோம். குட்டி போடும் பருவத்தில் நரி வந்துவிடும். ஈன்று ஈரம் காயாத குட்டியைத் தூக்கிப் போவதை ஒருமுறை பார்த்தால் போதும், அன்று சாப்பாடு இறங்காது. அதனால்தான் அவர் ஒரு .22 ரைஃபிளுக்கு லைசென்ஸ் எடுத்தார். வீட்டுப் பாதுகாப்புக்கு என்று கேட்டால் இங்கே கிடைக்காது. பண்ணை, வேட்டை, சுடும் மன்றம் என்று சட்டம் ஏற்கும் காரணம் ஒன்று வேண்டும்.

அடுத்த பண்ணைப் பெரியவர்தான் டிரில்லோடு வந்து உதவினார். 1996 ஏப்ரல் 28 அன்று டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு, நாடு முழுக்கச் சட்டத்தை இறுக்கி, சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளை அரசாங்கமே காசு கொடுத்துத் திரும்ப வாங்கியது. தன் அப்பாவின் துப்பாக்கியை அப்போது ஒப்படைத்ததைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தமே இல்லை. "கொடுத்தது சரிதான்" என்றார், அவ்வளவுதான்.

பெட்டியை கராஜில் வைக்கலாமா என்று கேட்டோம். வேண்டாம் என்றார். திருடன் பெட்டியை நம் வீட்டில் உட்கார்ந்து திறக்க மாட்டான். இரண்டு பேர் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய், எங்காவது ஒதுக்குப்புறத்தில் நிதானமாக கிரைண்டர் வைத்து அறுப்பார்கள். போல்ட் போடச் சொல்வதே அந்தத் தள்ளுவண்டியைத் தடுக்கத்தான். எங்கள் பெட்டி 70 கிலோ சொச்சம், அதைத் தூக்க இரண்டு பேர்கூடத் தேவையில்லை. கடைசியில் உள்ளறை அலமாரியின் மூலையைத் தேர்ந்தெடுத்தோம். இரண்டு பக்கமும் சுவர் இருந்தால் கடப்பாரையை நுழைத்து நெம்ப இடமிருக்காது. கதவு திறக்கும் பக்கம் சுவரை ஒட்டி இருந்தால் இன்னும் நல்லது. ஜன்னல் வழியாகப் பார்ப்பவர் கண்ணிலும் படாது.

பெட்டியின் அடியிலும் முதுகிலும் துளைகள் ஏற்கெனவே இருந்தன. அடிப்பக்கம் கான்கிரீட் தரை. கார்ப்பெட்டை அந்த அளவுக்கு வெட்டி எடுத்துவிட்டு, தரைக்குள் தண்ணீர்க் குழாய் எதுவும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, துளையிட்டோம். இங்கே டைனாபோல்ட் என்கிறார்கள், நம் ஊர் ஆங்கர் போல்ட் மாதிரிதான். நட்டைத் திருகத் திருக, உள்ளே இருக்கும் கூம்பு மேலேறி உறையை விரித்துக் கான்கிரீட்டைக் கவ்விக்கொள்கிறது. துளைக்குள் தூசி இருந்தால் அந்தப் பிடி கிடைக்காது. பெரியவர் சைக்கிள் பம்ப்பை வைத்து ஊதினார், வெள்ளைப் பொடி புகைபோல் எழும்பியது. ஊதினார், தேய்த்தார், திரும்பவும் ஊதினார். துளையிட்ட நேரத்தைவிட அதைச் சுத்தம் செய்த நேரம்தான் அதிகம். கான்கிரீட்டின் விளிம்பை ஒட்டித் துளை போடவும் விடவில்லை, போல்ட் விரியும்போது ஓரம் பிளந்துவிடுமாம்.

முதுகுப் பக்கச் சுவர் ஜிப்சம் பலகை. தட்டினால் 'டொக் டொக்' என்று வெறுமையாகக் கேட்கும். அதில் போடும் திருகு சும்மா பிய்ந்து வந்துவிடும். பலகைக்குப் பின்னால் 450 அல்லது 600 மில்லிமீட்டருக்கு ஒன்றாக மரச்சட்டம் நிற்கும், பிடிப்பு அதில்தான். ஒரு சின்னக் காந்தத்தைச் சுவரில் மெதுவாக நகர்த்தினேன். பலகையைச் சட்டத்தில் அடித்த ஆணி இருக்கும் இடத்தில் பச்சக்கென்று ஒட்டியது. அந்த நேர்கோட்டில், சட்டத்தின் நடுவே, பெரிய வாஷரோடு நீளமான திருகு இறங்கியது. எல்லாத் தலையும் பெட்டிக்கு உள்ளே இருக்கின்றன, கதவைத் திறக்காமல் யாரும் கழற்ற முடியாது. எல்லாம் முடிந்து பெட்டியை உலுக்கிப் பார்த்தபோது, அசையாமல் நின்றது. இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது என்று அன்று உண்மையாகவே நினைத்தேன்.

அப்புறம்தான் என் வீட்டுக்காரர், "கொஞ்சம் வெளியில இருக்கியா? சாவிய வைக்கணும்" என்றார்.

எனக்கு லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் இல்லாதவர் கையில் துப்பாக்கி போய்ச் சேர வழி இருக்கக் கூடாது, அது மனைவியாக இருந்தாலும். அவர் செய்தது சரி. ஆனால் ஹாலில் வந்து நின்றபோது நெஞ்சு அடைத்துக்கொண்டது. கல்யாணமாகிப் போன சில நாட்களில் என் மாமியார் பீரோ சாவியை என் கையில் வைத்து, "இனி நீ பார்த்துக்கோ" என்றார். அதுவரை அந்த வீட்டில் நான் விருந்தாளி. இடுப்பில் கொத்துச்சாவி ஏறிய பிறகுதான் எந்தப் பாத்திரம் எங்கே என்று நான் யாரையும் கேட்பதை நிறுத்தினேன்.

சின்னமனூர்ப் பக்கம் என் தாத்தாவிடம் ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது, தோட்டத்துக்குப் பன்றி வரும் என்று வாங்கிய லைசென்ஸ். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். தேர்தல் வந்தால் தாத்தா அதை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார், முடிந்ததும் போய் மீட்டு வருவார். மற்ற நாளெல்லாம் அது மர அலமாரியில் இருக்கும், சாவி பாட்டியிடம். ராத்திரி பன்றிச் சத்தம் கேட்டால் தாத்தா பாட்டியை எழுப்பித்தான் ஆக வேண்டும். பாட்டி தூக்கக் கலக்கத்தோடு முந்தானை முடிச்சை அவிழ்ப்பதற்குள் பன்றி கிழங்கைத் தின்றுவிட்டு ஓடிவிடும். அவ்வளவு அமளியிலும் தாத்தா ஒருநாள்கூடச் சாவியைத் தன்னிடம் கேட்டதில்லை.

போலீஸ்காரர் சொல்லிவிட்டு வந்து பெட்டியைப் பார்த்தார். இறுக்கியிருப்பதை உலுக்கிப் பார்த்தார், தோட்டாக்கள் வேறு பூட்டுக்குள் தனியாக இருக்கின்றனவா என்று கேட்டார், திருப்தியாகக் கிளம்பினார். இப்போது ஈரம் ஏறாமலிருக்க என் வீட்டுக்காரர் உள்ளே சிலிக்கா ஜெல் வைத்திருக்கிறார், நட்டு தளர்ந்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கிறார். இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போன வாரம் ஊரில் இன்னொரு தமிழ்க் குடும்பம் இதேபோல் பெட்டி வாங்கப் போவதாகச் சொன்னார்கள். வாடகை வீடு. துளையிடும் முன்பு வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கச் சொன்னோம். கிடைக்காவிட்டால் 150 கிலோவுக்குக் குறையாத பெட்டியாகப் பார்க்க வேண்டும், அதற்கும் அந்த வீட்டுத் தரை தாங்குமா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்கள் இருவரும் டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பெண் சமையலறையில் என்னிடம் கேட்டாள், "அக்கா, சாவி யார்கிட்ட இருக்கும்?"

லைசென்ஸ் எடுக்க நான் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பில் சேரப்போவதைச் சொன்னேன். ஆட்டுக்குட்டிகளைப் பார்த்துக்கொள்வது நானும்தான், நரி எனக்கும் வருகிறது, அந்தக் காரணம் போதும் என்றேன். எப்போது என்று கேட்டு, தன் பெயரையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள்.