காறை எலும்பைத் தலைகீழாகப் பிடித்தவன் சொல்வது

மருத்துவ பீடத்தின் முதல் வைவாவில், அதாவது வாய்மொழிப் பரீட்சையில், என் கையில் தந்தது காறை எலும்பு, கழுத்தடியில் இருந்து தோள்வரை குறுக்கே போகும் எலும்பு. கருவில் எல்லாவற்றுக்கும் முன்னதாக, 5, 6ஆம் வாரத்திலேயே எலும்பாகத் தொடங்குவது இதுதான் என்று மூச்சுவிடாமல் ஒப்புவித்தேன். "சரி, உம்முடைய தோளிலை வைச்சுக் காட்டும்" என்றார் பரீட்சகர். வலது தோளில் வைத்தேன். வளைவு அழகாகப் பொருந்தியது. ஆனால் சொரசொரப்பான அடிப்பக்கம் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. தந்தது இடது எலும்பு. இடது காறை எலும்பைக் கவிழ்த்தால் வலதுபோலவே இருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஏ.எல். (உயர்தரம்) வரை தமிழில் படித்துவிட்டு மருத்துவ பீடத்துக்கு வரும் எங்களுக்கு முதல் தலையிடி பெயர்கள். முன்கையின் இரண்டு எலும்புகளான ஆரையும் அரந்தியும் ஒரே நாளில் ரேடியஸ், அல்னா ஆகிவிடும். அந்தப் பயத்தில் பெயர்களையே பாடமாக்குவோம். மொத்தம் 206, அச்சு வன்கூட்டில் (மண்டையோடு, முள்ளந்தண்டு, நெஞ்சுக்கூடு) 80, மிச்சம் 126 என்ற கணக்கை ஒருமுறை பார்த்தால் போதும். எலும்பை எடுத்ததும் கேட்க வேண்டியது மூன்றுதான்: எது மேல், எது முன், எது உள்? தொடை எலும்பென்றால் உருண்டைத் தலை மேலேயும் உள்ளேயும் பார்க்கும், நீளமான கரடுமுரடு வரம்பு பின்னால் வரும். அப்படிப் பிடித்தால் எந்தக் காலென்று அதுவே சொல்லிவிடும்.

சீனியர் அண்ணா ஒருவரிடம் இரவல் வாங்கிய எலும்புப் பெட்டியோடு வீட்டுக்குப் போனேன். "உந்தப் பெட்டியைச் சாமி அறைப் பக்கம் கொண்டுவராதை தம்பி" என்றார் அம்மம்மா. பிறகு விறாந்தையில் இருந்துதான் படிப்பு. ஒருவகையில் அது நல்லதாய்ப் போயிற்று. அங்கிருந்து பார்த்தால் குசினியில் அம்மா திருவலையில் தேங்காய் திருவுவது தெரியும். பாதித் தேங்காயை உருட்டும்போது முழங்கை இருந்த இடத்தில் இருக்கிறது, கை மட்டும் புரள்கிறது. ரேடியஸ் அல்னாவின் மேலால் குறுக்கே போய்த் திரும்பி வருவதுதான் அந்தப் புரளல். இரண்டு நாளாகப் படத்தில் விளங்காதது இரண்டு நிமிடத்தில் விளங்கியது.

இப்போதே உங்கள் கையைக் கவிழ்த்து மேசையில் வையுங்கள். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, சின்னவிரல் பக்கமாக ஒரு எலும்புப் புடைப்பு துருத்தும். அதுதான் அல்னாவின் தலை. விரலை அதில் வைத்தபடி உள்ளங்கையை மேலே திருப்புங்கள், புடைப்பு நழுவி மறையும். ரேடியஸின் தலை முழங்கைப் பக்கம், அல்னாவின் தலை மணிக்கட்டுப் பக்கம். ஸ்பொட் சோதனையில் (வைத்திருக்கும் எலும்பைப் பார்த்து அடையாளம் எழுதும் சோதனை) கனபேர் சறுக்குவது இதில்தான். தலை என்றால் மேலேதான் இருக்கும் என்று மனம் தானாக எழுதிவிடும்.

மூட்டுகளுக்கும் இதே வழிதான். இணையும் பரப்புகளின் உருவத்தைப் பார்த்தால் அசைவு தானாக வரும். தோளும் இடுப்பும் பந்துக்கிண்ண மூட்டுகள் என்று எல்லாரும் எழுதுவார்கள். இரண்டு கிண்ணங்களிலும் விரல் வைத்துப் பாருங்கள். இடுப்புக் கிண்ணம் ஆழம், தோள்பட்டையில் இருப்பது ஆழமில்லாத தட்டு மாதிரித்தான். அதனால்தான் தோள் இவ்வளவு சுற்றுகிறது, இவ்வளவு எளிதாக விலகியும் விடுகிறது. முழங்காலில் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கீழ்க்காலின் வெளிப்பக்க மெல்லிய எலும்பான ஃபிபியூலா அந்த மூட்டில் சேராது. முழங்கால் சில்லோ தசைநாணுக்குள் உருவாகும் எலும்பு.

காறை எலும்புக்கு மறுபடி வருகிறேன், அது என்னை விடவில்லை. சைக்கிளால் கையூன்றி விழுந்தால் அடி கைவழியே ஏறி இதைத்தான் முறிக்கும், பெரும்பாலும் நடுப்பங்கும் வெளிப்பங்கும் சந்திக்கும் இடத்தில். ஏன் அங்கே என்று கேட்டால் வளைவு மாறுகிற இடத்தைக் காட்டுங்கள். உள்பக்கம் முன்னால் புடைத்திருக்கும், வெளிப்பக்கம் உள்வாங்கியிருக்கும். தட்டையான முனை வெளியே, சொரசொரப்பு கீழே. இரண்டாம் முறை இதைச் சொல்லித்தான் பாஸ் ஆனேன்.

அப்புறம், வைவாவில் பேனையால் எலும்பைத் தொட்டுக் காட்டாதீர்கள், மை பிடித்துவிடும். நான் ஈர்க்குத் துண்டு ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். மண்டையோட்டைக் கண்குழிக்குள் விரல் விட்டும் தூக்க வேண்டாம். கண்குழியின் உள்சுவர் கடதாசி மாதிரி மெல்லியது. எனக்குக் கிடைத்த பெட்டியில் யாரோ அதை ஏற்கெனவே உடைத்திருந்தார்கள், திருப்பிக் கொடுத்தபோது பழி எனக்கு வந்தது.