கிலோமீட்டர் கணக்கை விட்டுவிட்டு உயரக் கணக்கு போட்ட கதை

என் மாமனார் பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரியும். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. அந்தப் பக்கத்து ஷட்டர்களை ஏற்றி இறக்கியே முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டியவர். தண்ணீரைப் பற்றி எது பேசினாலும் காது கொடுப்பார். ஒரு நாள் டிவியில் லடாக்கைக் காட்டினார்கள். மொட்டை மலை, நடுவில் பச்சையாக ஒரு ஆறு. "மழையே பெய்யாத ஊருன்றாங்க. அப்பறம் ஆத்துல எப்படிம்மா தண்ணி?" என்று கேட்டார்.

லடாக்கின் முக்கிய ஊரான லேவில் வருடம் முழுக்கப் பெய்வது 100 மில்லிமீட்டர் சுமார்தான். நம் ஊரில் ஐப்பசி அடைமழையில் ஒரே நாளில் அவ்வளவும் கொட்டிவிடும். பனி உருகித்தான் ஆறு ஓடுகிறது மாமா என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதை ஒரு தடவ பாத்துடணும்" என்றார். அவர் எதையும் வேண்டும் என்று கேட்கிறவர் இல்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அவருக்கு வயது 67. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். நானும் என் வீட்டுக்காரரும் மன்னார்குடியை விட்டு அதிகம் வெளியே போனதில்லை. எங்களுக்குத் தெரிந்த மலை என்றால் சுவாமிமலைதான், அதுவும் அறுபது படி. கூட வந்தது சென்னையில் ஐடி வேலை பார்க்கும் என் தம்பி. அத்தை முழங்கால் வலியால் வரவில்லை, பிள்ளைகளையும் மாட்டையும் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

தேதிக்கு அதிகம் யோசிக்கவில்லை. மேட்டூர் ஜூன் 12 திறப்பது வழக்கம். தண்ணீர் வந்துவிட்டால் வீட்டுக்காரர் வயலை விட்டு நகர மாட்டார். அதற்கு முன்னால் வாய்க்காலெல்லாம் காய்ந்து, தூர் வாரும் வேலை மட்டும் நடந்துகொண்டிருக்கும். லடாக்கிலும் அப்போதுதான் கணவாய்கள் திறந்து, பாங்காங் ஏரியில் பனிக்கட்டி உருகி முடிந்திருக்கும். மே கடைசியில் கிளம்பி ஜூன் 9க்குள் திரும்புவது என்று வைத்துக்கொண்டோம். லேவில் மட்டும் ஏழு இரவு.

தம்பி முதலில் போட்ட திட்டத்தை இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது. மணாலியிலிருந்து காரில் ஏறி, வழியில் சர்ச்சுவில் ஒரு இரவு கூடாரத்தில் தங்கி, மறுநாள் லே. தூரத்தை வைத்துப் பார்த்தால் சரியான திட்டம்தான், பாதி வழியில் இளைப்பாறுகிறோம். ஆனால் சர்ச்சு இருப்பது 4,290 மீட்டர் உயரத்தில். லே 3,500 மீட்டர். அதாவது போய்ச் சேர வேண்டிய ஊரைவிட உயரமான இடத்தில், உடம்பு பழகுவதற்கு முன்பே படுக்கப் போகிறோம். ஒரு ஏஜென்ட்டிடமும் கேட்டுப் பார்த்தோம். விமானத்தில் லேவில் இறங்கி, மறுநாள் காலையிலேயே கர்துங் லா கணவாயைத் தாண்டி நூப்ரா பள்ளத்தாக்கு, அதற்கு மறுநாள் பாங்காங், ஐந்து நாளில் எல்லாம் முடிந்துவிடும் என்றார். மாமனாரின் வயதைச் சொன்னேன். எல்லாரும் போகிறார்கள், ஒன்றும் ஆகாது என்றார். அந்த பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அதோடு அவரை விட்டுவிட்டோம்.

தஞ்சாவூரில் மாமனாரை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் போனோம். இந்தப் பயணத்தில் நான் கற்றுக்கொண்ட முக்கியமான விஷயம் அவர் சொன்னதுதான். பகலில் எவ்வளவு உயரம் ஏறுகிறீர்கள் என்பதைவிட, ராத்திரி எந்த உயரத்தில் படுக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள் என்றார். 3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால், படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது நல்லது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு தடவை ஏறாமல் ஒரு நாள் ஓய்வு. காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு எங்கேயும் ஒன்றுதான், ஆனால் மேலே போகப் போக காற்றே மெலிந்துவிடும். லேவில் ஒரு மூச்சில் கிடைப்பது நம் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. கர்துங் லாவில் பாதியை ஒட்டி. விமானத்தில் போனால் சில மணி நேரத்தில் அந்த நிலைக்குப் போய்விடுகிறோம், உடம்புக்கு அவகாசமே இல்லை.

மாமனாருக்கு ஈசிஜி, எக்கோ எடுத்துப் பார்த்தார். உயரத்தால் வரும் கோளாறைத் தடுக்கக் கொடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை பற்றிக் கேட்டோம். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளுமா என்று ஒவ்வொருவரிடமும் விசாரித்து, மாமனாரின் மற்ற மாத்திரைகளையும் பார்த்துவிட்டு, ஆளுக்கு ஆள் தனியாக எழுதிக் கொடுத்தார். இதை யாரும் மருந்துக் கடையில் தாங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. விரல் நுனி மரத்துப்போகும், அடிக்கடி ஒன்றுக்கு வரும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். தலைவலி, குமட்டல், பசியின்மை வந்தால் மேலே ஏறக் கூடாது. மூச்சு வாங்குவது ஓய்விலும் நிற்காவிட்டால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால் யோசிக்காமல் உடனே கீழே இறங்க வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி நான்கு பேர் பையிலும் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து தம்பியை உட்காரவைத்து திட்டத்தை மறுபடி போட்டோம். இந்தத் தடவை கிலோமீட்டர் எழுதவில்லை, படுக்கும் ஊரின் உயரத்தை மட்டும் எழுதினோம். லே 3,500 மீட்டர், மூன்று இரவு. நூப்ராவில் ஹுண்டர், லேவைவிடத் தாழ்வு, 3,100 சுமார், இரண்டு இரவு. பாங்காங் ஏரிக்கரை 4,250, ஒரே இரவு. மறுபடி லே ஒரு இரவு, ஊருக்குத் திரும்ப. கர்துங் லா 5,359 மீட்டர்தான், ஆனால் அதில் படுக்கப் போவதில்லை, தாண்டி மறுபக்கம் இறங்கிவிடுகிறோம். பாங்காங் இரவு மட்டும் ஒரேயடியாக ஏறுகிறது. அதனால் அதைக் கடைசியில் வைத்தோம், மாமனாருக்கு அன்று காலை தலைவலி இருந்தால் ஏரிக்கே போகாமல் லே திரும்புவது என்று முன்கூட்டியே பேசி வைத்தோம். அங்கே போய் நின்றுகொண்டு முடிவெடுத்தால் மனசு கேட்காது.

மற்ற வேலைகள் வேகமாக முடிந்தன. சென்னையிலிருந்து டெல்லி, அங்கிருந்து காலை விமானத்தில் லே. மதியத்துக்கு மேல் காற்று எழும்பிவிடுவதால் லேவுக்குப் பெரும்பாலும் காலையில்தான் விமானம். நூப்ராவுக்கும் பாங்காங்குக்கும் போக அனுமதிச் சீட்டுக்கு இணையத்தில் ஆதாரோடு விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, மன்னார்குடி ஜெராக்ஸ் கடையில் ஆறு பிரதி எடுத்தோம். செக்போஸ்ட்டில் ஒன்று ஒன்றாகக் கொடுக்க வேண்டியிருந்தது. இந்த விதிகள் மாறுகின்றன, கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, தம்பியின் போஸ்ட்பெய்டு எண் ஒன்றுதான் எங்களுக்குத் துணை. வெளியூர் வாடகைக் காரை எடுத்துக்கொண்டு சுற்ற விடமாட்டார்கள் என்பதால், லே டாக்ஸி சங்கத்தின் நிர்ணயித்த கட்டணத்தில் உள்ளூர் வண்டி பேசினோம். பணம் கையில் எடுத்துப் போனோம். கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் கிடந்த ஆக்ஸிமீட்டரை எடுத்துப் பேட்டரி மாற்றினேன். ஸ்வெட்டர், மங்கி குல்லா எல்லாம் பெங்களூரில் இருக்கும் நாத்தனாரிடம் இரவல்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லேவில் தண்ணீர் 88 டிகிரி சுமாரிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாவிட்டால் நம் பொன்னி அரிசி வேகவே வேகாது. அதனால் அவல், புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி எடுத்துப் போனேன். புளிக்காய்ச்சல் பாட்டிலை விளிம்பு வரை நிரப்பியது தப்பு. கர்துங் லாவில் முறுக்குப் பொட்டலம் பலூன் மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. பாட்டில் மூடியைத் தாண்டி எண்ணெய் கசிந்து பை முழுக்கப் புளிவாசம். பாட்டிலில் இரண்டு விரல் இடம் விட்டு நிரப்புங்கள்.

மன்னை எக்ஸ்பிரஸ் பிடித்து சென்னை, அப்புறம் டெல்லி, மறுநாள் காலை லே. இறங்கியதும் யாரும் எதுவும் செய்யக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். மாமனார் சொன்னபடி கேட்டார். சூடாக வெந்நீர் குடித்துவிட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. ஊரில் 98 காட்டிய ஆக்ஸிமீட்டர் அவருக்கு 88 காட்டியது. எனக்கு 86. தம்பி, தினமும் ஜிம்முக்குப் போகிறவன், பெட்டிகளை மாடிக்குத் தூக்கிப் போய், கடைத்தெருவுக்கும் ஒரு நடை போய் வந்தான். ராத்திரி பதினொரு மணிக்கு வாந்தி. தலையைப் பிடித்துக்கொண்டு விடிய விடியத் தூங்கவில்லை. மறுநாள் முழுக்கப் படுக்கை, கஞ்சி, தண்ணீர். மூன்றாம் நாள்தான் முகம் தெளிந்தது. உடம்பு பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த ஏஜென்ட் திட்டப்படி போயிருந்தால், வாந்தி எடுத்த மறுநாள் காலையிலேயே அவனை 5,359 மீட்டருக்கு ஏற்றியிருப்போம்.

மூன்றாம் நாள் நிம்மு வரை மட்டும் போய் வந்தோம். அங்கே சிந்துவும் ஜன்ஸ்காரும் சேர்கின்றன. ஒன்று பச்சை, ஒன்று சேற்று நிறம், சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் தனித்தனியாகவே ஓடுகின்றன. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவது, கல்லணையில் வெண்ணாறும் புது ஆறும் பிரிவது, மூணாறு தலைப்பு என்று நாங்கள் எல்லாம் ஆறு பிரிவதையே பார்த்து வளர்ந்தவர்கள். மாமனார் மேலே நின்று வெகு நேரம் பார்த்தார். "நம்ம ஊருல பங்கு போடுவோம். இங்க சேக்குறாங்க" என்றார்.

எங்கள் டிரைவர் அவரை "மேமே-லே" என்றுதான் கூப்பிட்டார். அவர்கள் மொழியில் தாத்தா என்று மரியாதையாகச் சொல்வது. தம்பியின் அரைகுறை ஹிந்திதான் எல்லாருக்கும் பாலம்.

கர்துங் லாவில் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. மாமனார் இறங்கி, ஓரத்தில் கிடந்த பனியை உள்ளங்கையில் எடுத்து, அது உருகி விரல் வழியே சொட்டும் வரை பிடித்துக்கொண்டிருந்தார். வண்டியில் ஏறி, ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். குளிருக்குப் பேண்ட் போட்டு அதன் மேல் வேட்டி கட்டியிருந்தார்.

ஹுண்டரில் மணல்மேடும் இரட்டைத் திமில் ஒட்டகமும் பார்க்க எல்லாரும் போகிறார்கள், நாங்களும் போனோம். ஆனால் மாமனாருக்கு ஊர் நடுவில் ஓடும் வாய்க்கால்தான். ஒரு முழ அகலம். யூரா என்கிறார்கள். மேலே பனி உருகும் ஓடையிலிருந்து திருப்பி, பார்லி வயலுக்குக் கொண்டுவருகிறார்கள். பார்லி அப்போது ஒரு சாண் பயிர், தூரத்தில் பார்த்தால் நம் நாற்றங்கால் மாதிரி. ஒரு பெரியவர் மண்வெட்டியோடு வந்தார். வாய்க்கால் ஓரத்தில் புல்லோடு வெட்டிய மண்கட்டியும் இரண்டு கல்லும் அடைப்பாக இருந்தன. கட்டியைப் பெயர்த்து எதிர்ப்பக்கம் வைத்து, காலால் அழுத்தினார். தண்ணீர் இந்த வயலை விட்டு அடுத்த வயலுக்குத் திரும்பியது. கசிந்த இடத்தில் இன்னொரு கட்டியை மாமனார் எடுத்து வைத்தார், யாரும் கேட்கவில்லை. அந்தப் பெரியவர் சிரித்தார். யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை பார்க்க, ஊரில் ஒருவரை அமர்த்துவார்களாம். சுர்பொன் என்று பெயர். தம்பி அதை மொழிபெயர்த்துச் சொன்னதும், "அப்ப நம்ம ஆளு" என்றார் மாமனார்.

ஹுண்டரிலிருந்து பாங்காங்குக்கு லே திரும்பாமல் ஷயோக் ஆற்றோரமாகப் போனோம். விடியும் முன்பே கிளம்ப வேண்டும் என்று டிரைவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காரணம் எனக்குப் புதிது. வழியில் ஓடைகள் ரோட்டின் மேலேயே ஓடும். காலையில் கணுக்கால் அளவு. வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, மதியத்துக்கு மேல் அதே ஓடையில் வண்டி இறங்கப் பயப்படும். மாமனாருக்கு இது உடனே பிடிபட்டது. எங்களுக்கு மேட்டூரில் திறந்தால் தண்ணீர், இங்கே சூரியன் திறந்தால் தண்ணீர். ஒரு ஓடையில் இறங்கும் முன் டிரைவர் தயங்கினார். மாமனார் கண்ணாடியை இறக்கி, நுரை எந்தப் பக்கம் விலகுகிறது என்று பார்த்து, இடது ஓரமாக ஆழம் குறைவு என்று கையால் காட்டினார். டிரைவரும் அதே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இடது ஓரமாகவே கடந்தோம்.

பாங்காங் 134 கிலோமீட்டர் நீளம், அதில் மூன்றில் ஒரு பங்கு சுமார் நம் பக்கம். நீலம் என்று சொன்னால் அது போதாது, மேகம் நகர நகர நிறம் மாறுகிறது. மாமனார் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். லேசாக உப்பு, வேதாரண்யம் பக்கத்துத் தண்ணீர் அளவு இல்லை. இந்த ஏரியிலிருந்து வெளியே போக ஆறு கிடையாது என்று சொன்னேன். "வடிகால் இல்லன்னா உப்புதான். நம்ம வயலுக்கும் அதே கதிதான்" என்றார். அந்த ராத்திரி குளிரில் தேங்காய் எண்ணெய் கல்லாகிவிட்டது. யாரும் சரியாகத் தூங்கவில்லை, ஆனால் தலைவலி யாருக்கும் இல்லை. ஆக்ஸிமீட்டர் மாமனாருக்கு 84 காட்டியது. அதற்கு மேல் ஒரு இரவு அங்கே இருக்க எனக்குத் துணிவில்லை. காலையில் சாங் லா வழியாக லே இறங்கினோம்.

ஊருக்கு வந்த சில நாளில் மேட்டூர் திறந்தார்கள். பாமணியாற்றில் தண்ணீர் வந்த அன்று மாமனார் பாலத்தில் பழைய சகாக்களோடு நின்றுகொண்டிருந்தார். நான் டீ கொண்டுபோன போது பனியைப் பற்றியோ ஏரியைப் பற்றியோ பேசவில்லை. "நாம வைக்கோலும் சேறும் வச்சு அடைப்போம்ல? அவங்க புல்லுக்கட்டி வெட்டி வக்கிறாங்க. கசியவே மாட்டேங்குது" என்று கையால் அளவு காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.