தையலோடு ஒரு தாய்மை

ஆபரேஷன் பண்ணிப் பெற்றவள் வலி தெரியாமல் பெற்றுக்கொண்டாள் என்று ஒரு பேச்சு எங்கள் கோவில்பட்டிப் பக்கம் இன்னும் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் நூறில் கிட்டத்தட்ட 45 பிரசவம் சிசேரியன். அப்படியும் பிள்ளை பார்க்க வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் முதலில் கேட்பது, "சுகப்பிரசவமா, ஆபரேஷனா?" என்றுதான். பிள்ளை எப்படி இருக்கிறது என்பது அதற்கு அப்புறம்.

என் பிள்ளைக்குக் கடைசி வரை தலை கீழே திரும்பவில்லை. அதனால் அரசு ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே நாள் குறித்துவிட்டார்கள். உட்கார வைத்து, முதுகை வளைக்கச் சொல்லி, தண்டுவடத்துப் பக்கம் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கால் இரண்டும் என்னுடையவை இல்லை என்பது போல மரத்துப்போயின. வலி இல்லை, ஆனால் வயிற்றுக்குள் கையை விட்டு இழுப்பது நன்றாகவே தெரிந்தது. பிள்ளையை எடுப்பது சில நிமிட வேலை. தைப்பதற்குத்தான் நேரம் பிடிக்கிறது.

பிள்ளையைப் பார்த்ததும் அழுகை வரும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு வந்தது குளிர்தான். பல் கிட்டித்துப்போகிற அளவு நடுக்கம். முதுகில் ஊசி போட்டால் சிலருக்கு அப்படி வருமாம். சிஸ்டர் பிள்ளையின் கன்னத்தை என் கன்னத்தோடு ஒரு தடவை வைத்துவிட்டுத் துடைக்கவும், எடை பார்க்கவும், தொடையில் வைட்டமின் கே ஊசி போடவும் கொண்டுபோய்விட்டார்.

வெளியே என் பெரியம்மா சேனை வைக்க, அதாவது பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைக்க, தேனும் கையுமாக நின்றிருக்கிறார். யார் சேனை வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. பெரியம்மாவுக்குத் தன் குணத்தின் மேல் சந்தேகமே கிடையாது. சிஸ்டர் பார்த்துவிட்டு, "ஒரு வயசு ஆகிற வரைக்கும் தேன் நாக்கில் படக் கூடாதும்மா, அதில் இருக்கிற கிருமி பச்சப்பிள்ளைக்கு ஆகாது, சீம்பால்தான் சேனை" என்று அதட்டி வாங்கி வைத்துவிட்டார். பெரியம்மாவின் முகம் வாடியது பார்த்து, தாத்தாவின் பழைய வேட்டியில் கிழித்த துணியைப் பிள்ளைக்கு முதலில் சுற்றிவிடும் வேலையை அவரிடம் கொடுத்தாள் அம்மா. சமாதானம் ஆகிவிட்டது.

நான் மல்லாந்தே படுத்திருந்ததால், முதல் மணி நேரத்துக்குள் பிள்ளையை என் நெஞ்சில் குறுக்காகப் போட்டுச் சப்ப வைத்தார்கள். எழுந்து உட்கார முடிந்த பிறகுதான் நிஜமான கஷ்டம். மடியில் போட்டால் அதன் கால் தையலில் உதைக்கிறது. வார்டில் இருந்த ஒரு வயதான நர்ஸ் காட்டிக் கொடுத்த வழி இது: பக்கத்தில் தலையணை வைத்து, பிள்ளையைக் கக்கத்தில் இடுக்கி, கால் நம் முதுகுப் பக்கம் போக, தலையை மட்டும் உள்ளங்கையில் தாங்கிப் பிடிப்பது. வயிற்றில் ஒரு சுமையும் இல்லை. இதைக் கர்ப்ப காலத்திலேயே யாராவது சொல்லித் தந்திருக்கலாம். வளைகாப்புக்கு எந்தக் கலர் வளையல் என்று பேசிய நேரத்தில் பாதி போதும்.

பால் பெருகி வர மூன்று நாலு நாள் ஆகும், ஆபரேஷன் என்றால் இன்னும் கொஞ்சம் தாமதமாகலாம். அதற்குள் பக்கத்துக் கட்டிலில் இருந்தெல்லாம் "பால் பத்தல, பவுடர் வாங்கு" என்று ஆலோசனை வந்தது. பிள்ளையின் எடை வேறு கொஞ்சம் குறைந்திருந்தது. முதல் சில நாளில் பத்தில் ஒரு பங்கு வரை குறையலாம், இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிடும் என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். பால் வந்த பிறகு ஒரு நாளைக்கு ஆறு துணிக்கு மேல் நனைக்கிறதா என்று பார்த்தால் போதும். நனைத்தது; துவைத்த அம்மாவைக் கேளுங்கள்.

எழுந்திருப்பதும் ஒரு வித்தை. நேராக எழக் கூடாது. ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, காலைத் தொங்கவிட்டு, அப்புறம் எழ வேண்டும். இருமலோ சிரிப்போ வந்தால் தலையணையை வயிற்றில் அமுக்கிக்கொள்ள வேண்டும். ரவுண்ட்ஸ் வருகிற டாக்டர், "காத்து பிரிஞ்சதாம்மா?" என்று வார்டே கேட்கக் கேட்பார். கூச்சமெல்லாம் ஒரே நாளில் போய்விடும்.

102 வண்டியில் இலவசமாகவே வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். டிரைவர் அண்ணன் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஊர்ந்தார். கர்ப்பத்தைப் பதிந்தபோது அரசு தந்த பிக்மி எண் கையில் இருந்ததால் பிறப்புச் சான்றிதழ் வேலையும் எளிதாக முடிந்தது. பெயர் முடிவாகவில்லை என்று தள்ளிப்போட வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டு, பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் சண்டை தண்ணீரால் வந்தது. பால்சுறா புட்டு, பூண்டுக் குழம்பு எல்லாம் சரி, மறுக்காமல் சாப்பிட்டேன். ஆனால் தண்ணீர் குடித்தால் தையல் சீழ் பிடிக்கும், வயிறு தொப்பை போடும் என்று அத்தை சொம்பை எடுத்து ஒளித்து வைத்தார். பால் கொடுக்கிற உடம்பு, நாக்கு வறண்டு ஒட்டுகிறது. மலச்சிக்கல் வந்து முக்கினால் தையலில்தான் இழுக்கும். "அத்தை, டாக்டர் தாராளமாகக் குடிக்கச் சொல்லியிருக்காங்க" என்றால் கேட்கவில்லை. சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர் என்றதும் ஒத்துக்கொண்டார். அது மருந்து, தண்ணீர் இல்லையாம். ஒரு பெரிய ஃபிளாஸ்க் நிறைய அந்த மருந்தைக் குடித்தேன்.

ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போனபோது பிள்ளை அலறிய அலறலில் எனக்கும் அழுகை வந்துவிட்டது. கூட வந்த பெரியம்மா, சேனைதான் போச்சு, அடுத்ததுக்காவது நான் வைக்கிறேன் என்றார். குறைந்தது இரண்டு வருடமாவது கழித்துத்தான் அடுத்தது தங்கலாம் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். தேனையும் மறந்துவிடச் சொன்னேன்.