கசாக் மண்பாண்டங்களில் நிறமும் கொம்பும்

கசாக் மக்களின் அணிக்கலையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் நிறங்களின் அட்டவணை ஒன்றைத் தருவார்கள்: நீலம் வானம், சிவப்பு நெருப்பு, வெண்மை தூய்மை, பச்சை இளவேனில், கறுப்பு மண். கம்பளத்துக்கும் ஆடைக்கும் இது பொருந்தலாம். மண்பாண்டத்துக்கு இது போதாது என்பது என் உறுதியான எண்ணம். நூலைச் சாயத்தில் தோய்ப்பதுபோல் மண்ணில் விரும்பிய நிறத்தை ஏற்றிவிட முடியாது. களிமண்ணும் சூளையும் எதைத் தருகின்றனவோ அதிலிருந்துதான் குயவர் தேர்ந்துகொள்ள வேண்டும்.

கூடாரத்தோடு இடம்பெயரும் ஆயர் வாழ்வில் உடையும் கலத்துக்கு அதிக இடமில்லை. குதிரைப்பாலைப் புளிக்கவைத்த குமிஸ், தோல்பைகளிலும் மரக்கிண்ணங்களிலும் இருந்தது. மண்பாண்டம் செழித்தது தெற்கே, ஒத்ரார், தராஸ் போன்ற பழைய நகரங்களில். மத்திய ஆசியக் குயவர்கள் வறண்ட நிலத்தின் உப்புச்செடிகளை எரித்த சாம்பலிலிருந்து காரம் எடுத்து, மணலோடு உருக்கிக் கண்ணாடிப் பூச்சு செய்தார்கள். அந்தப் பூச்சில் செம்பு கலந்தால் வானத்தின் நீலம் பிறக்கும். அதே செம்பை ஈயப் பூச்சில் கலந்தால் பச்சைதான் வரும். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் தைமூர் எழுப்பத் தொடங்கி, 1405இல் அவர் இறந்தபின் முடிவுறாமல் நின்ற துருக்கிஸ்தான் நகரத்துச் சூஃபி ஞானி யசாவியின் நினைவிடத்தின் குவிமாடம் இன்றும் அந்த நீலத்தோடு நிற்கிறது. வானம் என்ற பொருள் அந்த நீலத்துக்குப் பொருத்தமானதே. ஆனால் அதைத் தரையில் சாத்தியமாக்கியவை செடியின் சாம்பலும் செம்பும். இங்கே நீலகிரியில் கோத்தர் பழங்குடிப் பெண்கள் வனையும் பானைகளையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். இரும்பு கலந்த மண், காற்றோட்டத்தில் வெந்தால் சிவக்கும், புகையில் அடைபட்டு வெந்தால் கறுக்கும்.

நிறத்தைவிட வடிவமே மூத்தது. வெண்கலக் காலத்தில் கசாக் புல்வெளியில் வாழ்ந்த ஆந்திரோனோவோ மக்களின் கலங்களில் வண்ணம் இல்லை. ஈர மண்ணில் பல்முனை அச்சால் அழுத்திய முக்கோணங்களும் கோணலாக மடிந்து செல்லும் கோடுகளும்தான் இருக்கின்றன. பிற்காலக் கசாக் அணிக்கலையில் எங்கும் நிறைந்திருப்பது கோஷ்கார் மூயிஸ் எனப்படும் ஆட்டுக்கடாக் கொம்புச் சுருள். மந்தைதான் செல்வம் என்று வாழ்ந்தவர்களுக்கு அது வளத்தின் அடையாளம். கசகஸ்தான் 1992இல் ஏற்ற தேசியக் கொடியின் ஓரத்தில் ஓடும் அணியிலும் அது இருக்கிறது.

மந்தையைக் கலத்தில் ஏற்றியவர்கள் நம் மலையிலும் இருந்தார்கள். நீலகிரி முகடுகளின் கல்வட்டப் புதைகுழிகளை அகழ்ந்த பிரீக்ஸ், நீலகிரியின் முதல் ஆணையர், அடுக்கடுக்காக உயர்ந்த சாடிகளைக் கண்டெடுத்தார். அவருடைய நூல் 1873இல், அவர் இறந்த மறு ஆண்டு வெளிவந்தது. அச்சாடிகளின் மூடிகளில் எருமைகள் முழு உருவமாக நிற்கின்றன. அவற்றுக்கு முன் எந்த அட்டவணையும் எனக்குத் தேவைப்படவில்லை.

களிமண் எருமையை முழுதாக நிற்கவிடுகிறது. கசாக் பெண்கள் சிர்மாக் விரிப்புக்காக இரு நிறக் கம்பளித் தகடுகளைச் சேர்த்துக் கத்தியால் வெட்டி, வெட்டிய துண்டுகளை ஒன்றின் இடத்தில் மற்றொன்றாகப் பொருத்துகிறார்கள். எனவே அங்கே கொம்பு வளைந்து சுருளாகிறது, உருவமும் பின்னணியும் சமமாகின்றன. தோடர் பெண்களோ வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை எண்ணி, வரைபடம் இல்லாமல், சிவப்பிலும் கறுப்பிலும் பூத்துக்குளி என்னும் போர்வையைத் தைக்கிறார்கள். அதனால் அவர்கள் கையில் எருமைக் கொம்பு நேர்கோடுகளாகவும் கோணங்களாகவும் அமைகிறது.