ஸ்டட்டிலிருந்து கழன்ற ஹேர்ஸ்பிரிங்

கடிகாரத்தின் ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள்கம்பியின் வெளிமுனை, அதைப் பிடித்திருக்கும் ஸ்டட் என்ற சிறு துண்டை விட்டுக் கழன்றால், இருபுறமும் ஆடி நேரம் காட்ட உதவும் பேலன்ஸ் வீல் சீராக ஆடாது. பழைய கடிகாரங்களில் அந்த முனையைப் பிடித்திருப்பது கூம்பு வடிவப் பித்தளை ஊசிதான். அதன் மெல்லிய பக்கத்திலிருந்து தள்ளினால் வெளியே வரும். எதிர்ப்பக்கம் தள்ளினால் இன்னும் இறுகும்.

புது ஊசியின் ஒரு பக்கத்தை லேசாகத் தட்டையாக்குங்கள். அந்தப் பக்கம்தான் ஸ்பிரிங்கைத் தொட வேண்டும். உருண்டையாகவே விட்டால் ஸ்பிரிங் திருகி, சுருள் ஒருபுறம் சாயும். முதலில் ஸ்பிரிங் இல்லாமல் ஊசியைச் செருகி நீளத்தைக் குறித்து, குறித்த இடத்தில் முக்கால்வாசி ஆழத்துக்கு வெட்டி வையுங்கள். அப்புறம் ஸ்பிரிங்கோடு இறுக்கி, மிச்சத்தை ஒடித்துவிடலாம். சுருளுக்குப் பக்கத்தில் கட்டரை வைத்து அழுத்துவது ஆபத்து, நம்பிச் செய்யாதீர்கள்.

முன்பு பிடித்திருந்த இடத்தில் ஸ்பிரிங்கில் சிறு வளைவோ தடமோ தெரியும். அதே இடத்தில் பிடியுங்கள். உள்ளே தள்ளிப் பிடித்தால் நீளம் குறைந்து கடிகாரம் வேகமாக ஓடும், பீட்டும் (டிக்-டாக் இரண்டும் சம இடைவெளியில் விழுவது) மாறும்.

காந்தமேறாத ட்வீசர் அவசியம். சுருள்கள் ஒன்றையொன்று தொடாமல், வெளிச்சுருள் ரெகுலேட்டர் (வேகத்தைச் சரிசெய்யும் நெம்பு) ஊசிகளுக்கிடையே தடையின்றி அசைகிறதா என்று பார்த்த பிறகே பேலன்ஸைப் பொருத்துங்கள்.