எவ்வளவு நேரம் போன் காட்டலாம்?

ஸ்பீச் தெரபிக்குக் குழந்தையைக் கூட்டி வரும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது இதுதான்: "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போன் காட்டலாம்?" பதில் சொல்வது சுலபம். ஒரு வயதில் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லிவிட்டது. ஆனால் கணக்கை மட்டும் சொல்லி அனுப்பினால் வீட்டில் எதுவும் மாறுவதில்லை. அதனால் நான் திருப்பிக் கேட்பேன்: "போன் ஓடும்போது பக்கத்துல யாரு இருப்பீங்க?"

இரண்டரை வயதுப் பையன் ஒருவன். ரெட், ப்ளூ, டிரையாங்கிள் எல்லாம் அட்சரம் பிசகாமல் சொல்வான். தாகம் எடுத்தால் மட்டும் வாய் திறக்க மாட்டான். அம்மாவின் கையைப் பிடித்துத் தண்ணீர்க் குடத்துக்கு இழுத்துப் போவான். இப்படிப்பட்ட பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன். குழந்தை சரியாகச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் வீடியோ அதுபாட்டுக்கு ஓடும், பதிலுக்குக் காத்திருக்காது. குழந்தைகள் மொழி கற்கும் விதத்தை ஆராயும் அமெரிக்க ஆய்வாளர் பட்ரிசியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் சீன மொழியில் பேசி விளையாடினார்கள். வேறு சில குழந்தைகளுக்கு அதே பேச்சை வீடியோவில் காட்டினார்கள். நேரில் கேட்ட குழந்தைகள்தான் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள்.

அதற்காக எல்லாப் பழியையும் போன்மேல் போடுவதும் ஆபத்து. "போன் பார்த்துப் பார்த்துத்தான் பேச்சு வரல" என்று வந்தாலும், முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்கத்தான் அனுப்புவேன். கேட்கும் குறைபாடோ ஆட்டிசமோ இருந்தால், போனைப் பிடுங்கி வைத்துவிட்டுப் பொறுத்துப் பார்ப்பதில் பொன்னான மாதங்கள் போய்விடும். "ஆம்பளப் பிள்ளை, லேட்டாத்தான் பேசுவான்" என்ற பாட்டிமார் தீர்ப்பும் இதே ரகம்தான்.

ஒற்றை ஆளாகச் சமைக்கிற அம்மா அரை மணி நேரம் வீடியோ போட்டுவிடுவதைக் குற்றமாக்க எனக்கு மனமில்லை. (கூட வரும் அப்பாவின் கண் அவர் போனைவிட்டு நகராது, அது வேறு கதை.) சாப்பாட்டு வேளையில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எதிரே போன் சாய்ந்திருந்தால் வாய்க்குள் போவது ரசம் சாதமா தயிர் சாதமா என்றுகூடப் பிள்ளைக்குத் தெரிவதில்லை. இன்னும் வேணும், போதும், காரம் என்ற சொற்களெல்லாம் தட்டுக்கு முன்னால்தான் வர வேண்டும்.

நிறுத்தினால் அழுகிறானா? தானாக அடுத்த வீடியோவுக்குப் போகும் வசதியை அணைத்துவிடுங்கள். "இது முடிஞ்சதும் அம்மாகிட்ட குடுத்துடணும்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கொடுத்தால், "சொன்ன மாதிரியே குடுத்துட்டியே!" என்று அந்த நிமிடமே பாராட்டுங்கள். அழுகைக்காகத் திரும்பப் போட்டுவிட்டால், அழுதால் கிடைக்கும் என்பது ஒரே நாளில் மனப்பாடமாகிவிடும்.

அப்புறம், போனையே பாடமாக்கலாம். தாத்தாவின் சைக்கிளையும் பக்கத்து வீட்டு ஆட்டையும் படம் எடுத்து, பிள்ளையை மடியில் வைத்துக் காட்டுங்கள். "இது யாரோட சைக்கிள்?" என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு அதுதான் கஷ்டம். இரண்டு எண்ணுவதற்குள் "தாத்தாவோடது! சொல்லு, தாத்தா!" என்று முந்திவிடுவார்கள். என் வேலையில் பாதி, அவர்களைச் சும்மா இருக்கப் பழக்குவதுதான்.